சித்தப்பா எதைப் பார்த்தார்?

கேள்வி இது: "என் சித்தப்பாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவர் பொய் பேசி நான் பார்த்ததில்லை, குடிப்பழக்கமும் கிடையாது. மூன்று வாரம் முன்பு இரவில் காட்டுவழிச் சாலையில் தனியாகக் கார் ஓட்டி வந்தபோது, ஓரத்தில் ஆளைவிட உயரமாக ஓர் உருவம் இரண்டு காலில் நின்றதாகச் சொல்கிறார். கண்கள் நெருப்புத் துண்டு போல் சிவந்து ஒளிர்ந்தனவாம். கரடியாக இருக்குமோ என்று கேட்டால் கோபப்படுகிறார். வீட்டில் பாதிப் பேர் நம்புகிறார்கள், பாதிப் பேர் கேலி செய்கிறார்கள். இப்படி ஒரு சாட்சியத்தை எப்படி எடைபோடுவது?"

முதலில் அந்தக் கேலியை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் மனம் நோகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கேலி சாட்சியத்தையே கெடுத்துவிடும். "உயரமாத் தெரிஞ்சது" என்று முதல் நாள் சொன்னவர், நாலு பேர் சிரித்த பிறகு "எட்டடி இருக்கும், என் கண்ணால பார்த்தேன்" என்று இறுகிவிடுவார். அதன்பின் அவரே நினைத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்புவது கஷ்டம்.

வனவிலங்குக் கணக்கெடுப்புகளில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். "நான் பார்த்தேன்" என்று வருகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்வது அதில் ஒரு பகுதி. வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு. உண்மையைச் சொல்லியும் தவறாகச் சொன்னவர்கள் ஏராளம். அதனால் "சித்தப்பா பொய் சொல்கிறாரா" என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். அவர் நல்லவர் என்பது அவர் எதையோ பார்த்தார் என்பதற்குச் சாட்சி. பார்த்தது என்ன என்பதற்கு அந்த நல்ல குணம் சாட்சி ஆகாது. கண்ணுக்கு வந்தது கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் இருட்டு, ஓர் அசைவு. மூளை அதை உருவமாகக் கட்டியது. அப்புறம் அதற்கு ஒரு பெயர் வந்தது. இந்த மூன்றையும் பிரித்து வாங்குவதுதான் விசாரிக்கிறவரின் வேலை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரளாதவன் கண்ணும் ஏமாறும் என்பதை அந்தப் பழமொழி சொல்வதில்லை. ஒரு விடியற்காலை, வற்றிய ஏரிப் படுகையின் கரையில் குறிப்பேட்டோடு நின்றிருந்தேன். லேசான மூட்டம். எதிரே ஒரு மரத்தை ஒட்டி, நீண்ட வாலோடு கரிய விலங்கு ஒன்று தாழ்வாக நடந்து போனது. "சிறுத்தை அளவு, எழுபது எண்பது மீட்டர் தூரம்" என்று எழுதினேன். பயமும் இல்லை, பதற்றமும் இல்லை. வெயில் ஏறி மூட்டம் கலைந்தபோது அந்த மரம் சரியாகத் தெரிந்தது. என் முழங்காலுக்குக் கூட எட்டாத ஒரு செடி, முப்பத்தைந்து தப்படி தூரத்தில். அதன் அடியில் சேற்றில் கீரியின் தடம். எதிர்வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்த கீரியைத்தான் சிறுத்தையாக எழுதியிருந்தேன். செடியை மரமாக எடுத்துக்கொண்ட அந்த நொடியே கீரி மூன்று மடங்கு வளர்ந்துவிட்டது.

இது கணக்கு. கண் அளப்பது கோணத்தை; நீளத்தை அல்ல. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் ஏறத்தாழ இரண்டு டிகிரி. அந்த இரண்டு டிகிரிக்குள் அடங்கும் பொருள் 25 மீட்டர் தூரத்தில் இருந்தால் அதன் அளவு சுமார் 90 சென்டிமீட்டர். 50 மீட்டரில் என்றால் 1.75 மீட்டர், 100 மீட்டரில் என்றால் மூன்றரை மீட்டர். மூன்றும் கண்ணில் விழுவது ஒரே அளவாகத்தான். தூரம் தெரியாமல் உயரம் தெரியவே தெரியாது. பழகிய பொருள் என்றால் மூளை அதன் உயரத்தை முன்பே அறிந்திருக்கும், அதிலிருந்து தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அறியாத உயிரினத்துக்கு அந்த வசதி கிடையாது. நீர்ப்பரப்பும் பனிவெளியும் இருட்டும் இன்னும் மோசம், பக்கத்தில் வைத்து ஒப்பிட எதுவுமே இருக்காது. அதனால் "எவ்வளவு உயரம்" என்று நான் கேட்பதே இல்லை. "அதன் தலை எதற்கு நேராக இருந்தது? பின்னால் என்ன தெரிந்தது, முன்னால் எது மறைத்தது?" என்றுதான் கேட்பேன். மரக்கிளையோ மைல்கல்லோ பதிலில் வந்தால், மறுநாள் டேப் எடுத்துப்போய் அளந்துவிடலாம்.

நேரத்தையும் இப்படியே சரிபார்க்கலாம். சுருக்கமாக நடந்த ஒன்றை, அதுவும் திகிலோடு பார்த்ததை, ஆட்கள் நீட்டித்தான் சொல்வார்கள். சித்தப்பா மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் நொடிக்குச் சுமார் 17 மீட்டர் கடந்திருப்பார். தாழ்வாக வைத்த முகப்பு விளக்கு ஐம்பது அறுபது மீட்டருக்கு மேல் தெளிவாகக் காட்டாது. ஆக, உருவம் வெளிச்சத்துக்குள் வந்ததிலிருந்து கார் அதைத் தாண்டும்வரை மூன்று, மூன்றரை நொடிதான். அதிலும் ஒரு பகுதி நேரம் அவர் கண் சாலையில் இருந்திருக்கும். "பத்து நொடி பார்த்தேன்" என்றால் காரை மெதுவாக்கினாரா, நிறுத்தினாரா என்று கேளுங்கள். பதிலில் ஒரு பொருத்தம் இருக்க வேண்டும்.

சரி, சிவந்த கண்ணுக்கு வருவோம். எனக்கு இந்த விவகாரத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரவில் நடமாடும் பல விலங்குகளுக்குக் கண்ணின் பின்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. விளக்கு அடிக்கிறவனை நோக்கியே அந்த ஒளி திரும்பும். அதனால் காருக்குள் இருப்பவருக்குக் கண் தணல் போல் தெரியும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. நிறம் விலங்குக்கு விலங்கு மாறும், பார்க்கும் கோணத்துக்கும் மாறும். ஆந்தை, பக்கிக் குருவி போன்ற பறவைகளின் கண் பெரும்பாலும் சிவந்தோ ஆரஞ்சாகவோ மின்னும். இப்போது யோசித்துப் பாருங்கள்: ஆறடி உயரத்தில் முறிந்து நிற்கும் அடிமரம், அதன் மேல் ஓர் ஆந்தை. விளக்கில் முதலில் தெரிவது தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. அதற்குக் கீழே தரைவரை ஏதோ கருமை. கண்ணுக்குக் கீழே உடம்பு இருந்தாக வேண்டும் என்பது மூளையின் வாழ்நாள் அனுபவம். அது உடம்பைச் செய்துவிடும், தோளும் காலும் வைத்துவிடும்.

1966 நவம்பரில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பாயின்ட் பிளசன்ட் என்ற ஊருக்கு வெளியே, இரவில் காரில் போன இரண்டு இளம் தம்பதியர் ஆளுயரச் சிறகுள்ள உருவத்தைப் பார்த்தார்கள். "மாத்மேன்" என்று இன்றும் பேசப்படும் கதை அங்கே தொடங்கியது. அவர்கள் சொன்னதில் அழுத்தமான அடையாளம் விளக்கொளியில் சிவந்த கண்கள். பெரிய கொக்கினம் என்று அப்போதே ஒரு விலங்கியலாளர் சொன்னார், ஆந்தை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எது சரி என்பதைவிட எனக்கு முக்கியம், சிவந்த கண் என்பது அதிசயத்தின் அடையாளமே இல்லை என்பது. வெளிச்சம் பாய்ச்சினால் சாதாரண விலங்கிடம் எதிர்பார்க்க வேண்டியதே அதுதான். சித்தப்பாவிடம் ஒன்று கேட்கலாம்: கார் திரும்பி விளக்கு விலகிய பிறகும் கண் ஒளிர்ந்ததா? விளக்கோடு சேர்ந்து அணைந்திருந்தால் பதில் பாதி கிடைத்த மாதிரி.

கரடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரடி இரண்டு காலில் நிமிர்ந்து நின்று பார்க்கும், சில அடி நடக்கவும் செய்யும். சொறி நோய் வந்து முடி கொட்டிய கரடியைப் பகலில் பக்கத்தில் பார்த்தாலே பலருக்கு அடையாளம் தெரியாது. "எனக்குக் கரடி தெரியாதா" என்று அவர் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த கரடி நாலு காலில், பகலில், முழு முடியோடு இருந்த கரடி.

கண்ணின் கோளாறுகளைவிட எனக்குக் கவலை தருவது நினைவு. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் கார் மோதும் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் "இடித்துக்கொண்டபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்கியது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்ற 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேள்வியில் இருந்த ஒரே ஒரு சொல் கண்ணாடியை உடைத்திருக்கிறது. ஆகவே "அதுக்கு நகம் நீளமா இருந்துச்சா?" என்று வீட்டில் யாராவது ஆர்வத்தில் கேட்டிருந்தால், அந்த நகம் இப்போது சித்தப்பாவின் நினைவில் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

இன்னொருவர் வாயிலிருந்தும் நினைவு நுழையும். 2003-ல் வெளியான ஃபியோனா கேபர்ட் குழுவின் ஆய்வில், ஒரே சம்பவத்தைச் சற்றே வேறு கோணங்களில் பார்த்த இருவரைப் பேசவிட்டார்கள். பேசியவர்களில் 71 சதவீதம் பேர், தாங்கள் பார்க்கவே முடியாத விஷயத்தைத் தங்கள் நினைவாகச் சொன்னார்கள். அதனால்தான் நான் சாட்சிகளைத் தனித்தனியாக உட்காரவைத்து, பேசுவதற்கு முன் வரையச் சொல்வேன். கோணல்மாணலாக வரைந்தாலும் பரவாயில்லை. வாய் "கரடி இல்லை" என்று வாதாடும். கை வெறும் முக்கோணத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு நின்றுவிடும். அந்த நிற்றல்தான் உண்மையான தகவல். அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை.

திரைப்படமும் புகுந்துவிடும். 1995-ல் போர்ட்டோ ரீக்கோ தீவில் ஆடுகளின் ரத்தத்தைக் குடிக்கும் "சுபகாப்ரா" பற்றிப் பேச்சு கிளம்பியது. அதன் உருவத்தை முதலில் விரிவாகச் சொன்ன பெண்மணி, முதுகில் முள்வரிசையோடு ஓர் உயிரியை வர்ணித்தார். அதே ஆண்டு வெளிவந்த "ஸ்பீசீஸ்" படத்தின் அன்னிய உயிரியும் அப்படியே இருந்ததையும், அவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்ததையும் பெஞ்சமின் ராட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் பின்னாளில் வெளிக்கொண்டுவந்தார். அந்தப் பெண்மணியைப் பொய்க்காரி என்று சொல்ல நான் தயாராக இல்லை. அரைகுறையாகப் பார்த்த ஒன்றை நிரப்ப மனம் கையில் கிடைத்த படத்தை எடுத்துக்கொள்கிறது. ஊருக்கே பயம் பிடித்தால் இது இன்னும் பெரிதாகும். 2001 மே மாதம் டெல்லியில் "குரங்கு மனிதன்" பற்றி நூற்றுக்கணக்கான புகார்கள் வந்தன. ஒருவர் தலைக்கவசம் என்றார், ஒருவர் இரும்பு நகம் என்றார், உயரம் ஆளுக்கு ஆள் மாறியது. பயந்து மொட்டை மாடியிலிருந்து விழுந்து உயிர்விட்டவர்களும் உண்டு. எந்த உயிரினமும் அகப்படவில்லை. சாட்சிகளின் எண்ணிக்கை கூடினால் நம்பகமும் கூடும் என்பது, ஒருவரையொருவர் கேட்காத சாட்சிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

மோசடியை நான் கடைசியில்தான் யோசிப்பேன், ஆனால் யோசிக்காமல் விடமாட்டேன். ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் விலங்கின் புகழ்பெற்ற படம் 1934-ல் வெளியானது; அது, பொம்மை நீர்மூழ்கியில் பொருத்திய தலை என்பது 1994-ல் வெளிவந்தது. அறுபது வருடம் தாங்கிய ஏமாற்று அது. சித்தப்பா ஏமாற்றாவிட்டாலும் அவரை யாராவது ஏமாற்றியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

இதுவரை சாட்சியைப் பற்றி. உயிரினத்தைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அது உண்மையில் இருந்தால் வேறு என்னவெல்லாம் இருந்தாக வேண்டும்? ஒற்றை விலங்கு தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடிக்காது. கூட்டம் வேண்டும், குட்டி வேண்டும், இரை வேண்டும். சாணம், முடி, எலும்பு, சாலையில் அடிபட்ட உடல், தானியங்கிக் கேமராவில் ஒரு காலாவது விழ வேண்டும். 2018-ல் நீல் கெமெல் தலைமையிலான குழு நெஸ் ஏரியில் 250 நீர் மாதிரிகள் எடுத்து, உயிரினங்கள் நீரில் உதிர்க்கும் டி.என்.ஏ.வைத் தேடியது. விலாங்கு மீனின் டி.என்.ஏ. நிறையக் கிடைத்தது, ஊர்வனவற்றுடையது எதுவும் கிடைக்கவில்லை. 2017-ல் சார்லட் லிண்ட்க்விஸ்ட் குழு, எட்டி என்னும் பனிமனிதனுடையவை என்று போற்றப்பட்ட ஒன்பது மாதிரிகளைச் சோதித்தது. எட்டு கரடி, ஒன்று நாய்.

இதைப் படித்துவிட்டு, கிராமத்தார் பேச்சையெல்லாம் தள்ளிவிடலாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது பெரிய தப்பு. காங்கோ காட்டு மக்கள் அறிந்திருந்த ஒகாபி என்ற ஒட்டகச்சிவிங்கி இன விலங்கை விலங்கியல் உலகம் 1901-ல்தான் ஏற்றது, தோலும் மண்டையோடும் கைக்கு வந்த பிறகு. 1938-ல் தென்னாப்பிரிக்கக் கடலில் சீலகாந்த் மீன் கிடைத்தபோது, டைனோசர் காலத்தோடு அழிந்ததாக நினைத்த இனம் உயிரோடு இருப்பதைக் கண்டு விஞ்ஞானிகள் திகைத்தார்கள். கொமோரோஸ் தீவின் மீனவர்களுக்கோ அது அவ்வப்போது தூண்டிலில் மாட்டும் மீன், அவர்கள் மொழியில் பெயரே உண்டு. 1992-ல் வியட்நாமின் வூ குவாங் காட்டில் சவோலா என்ற மாட்டின விலங்கு தெரியவந்தது வேட்டைக்காரர் வீடுகளில் இருந்த கொம்புகளால். அந்த விலங்கைக் காட்டில் வைத்து எடுத்த படங்கள் இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரிய விலங்கு மறைந்து வாழ முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த உண்மையான கண்டுபிடிப்புகளில் உள்ளூர்ச் சாட்சியம் எப்படி இருந்தது என்று கவனியுங்கள். சப்பென்று இருந்தது. எப்போது குட்டி போடும், எதைத் தின்னும், கறி எப்படி இருக்கும், கொம்பை எங்கே மாட்டியிருக்கிறோம் என்கிற மாதிரிப் பேச்சு. யாரும் உறைந்துபோய் நிற்கவில்லை. சுவாரசியமே இல்லாத விவரம் நிறைய வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். கண்ணும் உயரமும் பயமும் மட்டுமே வந்தால் பேனாவைக் கொஞ்சம் மெதுவாக்குவேன்.

மிக நல்ல சாட்சி எப்படி இருப்பார் என்பதற்கு 1982-ஐச் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் வனவிலங்குத் துறையில் வேலை பார்த்த ஒருவர், மார்ச் மாத மழை இரவில் வண்டியிலேயே தூங்கிவிட்டு, அதிகாலை இரண்டு மணிவாக்கில் விழித்துக் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். சில மீட்டர் தூரத்தில் தைலசின் என்ற டாஸ்மேனியப் புலி; பெயர்தான் புலி, உண்மையில் முதுகில் கோடுகள் கொண்ட, நாய் போன்ற பைப்பாலூட்டி. அந்த இனத்தில் கடைசியாக அறியப்பட்டது 1936 செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் விலங்குக் காட்சியகத்தில் இறந்திருந்தது. அவர் பதறவில்லை. முதுகுக் கோடுகளை எண்ணினார், பன்னிரண்டு. கேமராவை எடுக்க அசைந்ததும் விலங்கு புதருக்குள் போய்விட்டது. விலங்கு தெரிந்த ஆள், கிட்டத்து தூரம், எண்ணிப் பார்த்த விவரம், உடனடிப் பதிவு. இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. அவர் சொன்னதை நம்பி ஒரு வருடத்துக்கு மேல் அந்த வட்டாரத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பின்னாளில், 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, தைலசினைப் பார்த்ததாக 1910 முதல் சேர்ந்த 1,237 பதிவுகளைத் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நம்பகத்துக்கு ஏற்ற எடை கொடுத்து, அந்த இனம் எப்போது அழிந்திருக்கும் என்று கணக்கிட்டது. அந்த 1982 சாட்சியை யாரும் பொய் என்று தள்ளவில்லை, முடிவான ஆதாரம் என்று ஏற்கவும் இல்லை. நல்ல சாட்சியம் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். அதுதான் அதன் வேலை, அதைச் செய்ததும் அதற்குரிய மரியாதை கிடைத்துவிட்டது.

உங்கள் சித்தப்பாவுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது, வீட்டில் பேசியும் தீர்த்திருக்கிறார்கள், ஆகவே இப்போது அவர் சொல்வதைவிட முதல் நாள் சொன்னது மதிப்பு. அன்றிரவு யாருக்காவது போன் செய்தாரா, குரல் பதிவு அனுப்பினாரா என்று தேடுங்கள். இருந்தால் அதை அப்படியே எழுதி வையுங்கள், இப்போதைய வர்ணனையோடு கலக்காதீர்கள். பிறகு அவரையே கூட்டிக்கொண்டு பகலில் அந்த இடத்துக்குப் போங்கள். எந்த இடத்தில் கார் வந்தபோது முதலில் தெரிந்தது, உருவம் எங்கே நின்றது என்று அவர் கைகாட்டட்டும். நீங்கள் ஒன்றும் எடுத்துக்கொடுக்காதீர்கள். தூரத்தை டேப்பால் அளங்கள். அவர் காட்டிய இடத்தில் ஓர் ஆளை நிற்கவைத்து, தலை அன்று எவ்வளவு உயரத்தில் தெரிந்தது என்று கேளுங்கள். முறிந்த மரத்தண்டு, சாய்ந்த கம்பம், ஒளியைத் திருப்பும் சிவப்பு வில்லை வைத்த சாலைக் குச்சி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தண்டு இருந்தால் அதன் அடியில் வெள்ளை எச்சம் கிடக்கிறதா, முடியும் சிறு எலும்பும் சேர்ந்த உருண்டைகள் கிடக்கின்றனவா என்று குனிந்து தேடுங்கள். ஆந்தை அடிக்கடி வந்து உட்காரும் இடத்தில் அவை இருக்கும்.

அது எதுவும் இல்லை, ஈர மண்ணில் தடம் மட்டும் இருக்கிறது என்றால், பக்கத்தில் ஸ்கேலை வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரு தடம் போதாது, வரிசையாக நாலைந்து வேண்டும். சித்தப்பா முதலில் வரைகிற படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அழித்துத் திருத்தாமல்.